கருப்பையைக் காத்துக் கட்டியை நீக்கல்

மானிட உடலின் உறுப்புகளுள் நாம் மிகுதியாகப் போற்றுவதும் குறைவாகப் பேசுவதும் ஆகிய உறுப்பு ஒன்று உண்டெனின், அது கருப்பையேயாம். தாய்மையைப் புகழ்ந்து எண்ணிறந்த பாடல்களைப் பாடிய தமிழ்மக்கள், அத் தாய்மைக்கு உறைவிடமான உறுப்பு நோயுற்றபோது வாய் திறவாதிருத்தலையே அடக்கமெனக் கருதி வந்துள்ளனர். மாதந்தோறும் அளவிறந்த குருதி போகவும், முகம் வெளிறவும், படியேற மூச்சு வாங்கவும், 'பெண்ணாய்ப் பிறந்தால் இது உள்ளதுதான்' என்று பொறுத்திருக்கும் தாய்மாரும் சகோதரிமாரும் நம்மிடையே பலர். இவர்களுட் பலருக்கு நோயின் காரணம் கருப்பையில் வளரும் நார்க்கட்டியாக இருத்தல் கூடும். அக் கட்டி பெரிதானபின் அவர்கள் வைத்தியசாலையை அடையும்போது ஒரு வினா எழுகின்றது. கட்டியோடு கருப்பையையும் எடுத்துவிடுவதா? அன்றிக் கட்டியை மாத்திரம் எடுத்துக் கருப்பையைக் காப்பதா? பிள்ளைப்பேற்றை இன்னும் எதிர்நோக்கியிருக்கும் பெண்ணுக்கு இவ் வினாவினும் பெரியது வேறில்லை.

வயிற்றை அகலத் திறவாமல், சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்திப் பெருங்கட்டியையும் நீக்கிக் கருப்பையைக் காக்கும் சத்திரசிகிச்சை முறை இன்று உலகெங்கும் கையாளப்படுகின்றது. அம் முறை யாது, அது எவ்வாறு வந்தது, அதன் நன்மையும் இடரும் எவை என்பவற்றை விளக்குதலே இக் கட்டுரையின் நோக்கம். யான் வைத்தியனல்லேன், பள்ளிக்கூட ஆசிரியன். ஆதலின் சிகிச்சை கூறுதல் என் பணியன்று. கற்றோர் யாவரும் அறிந்திருக்கத்தக்க செய்திகளைத் தமிழில் தொகுத்துரைத்தலே ஈண்டு யான் மேற்கொண்ட பணி.

யாழ்ப்பாணமும் தமிழ் வைத்திய நூல்களும்

இத்தகைய செய்திகளைத் தமிழில் எழுதுதல் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 1846ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், ஈதர் ஆவியால் நோயாளியை மயங்கச் செய்து சத்திரசிகிச்சை செய்யும் முறை பலரறியக் காட்டப்பட்டது. மறு ஆண்டிலேயே, அந் நகர் அமைந்த மசச்சூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயை நிலையமாகக் கொண்டு அவர் தமிழிளைஞர்களுக்கு மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். அக் கல்வி மக்களிடையே வேரூன்றவேண்டுமெனின் அது தமிழிலேயே நிகழவேண்டுமெனத் துணிந்து, தம் மாணாக்கர் துணையுடன் ஆங்கில வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். மகப்பேறு பற்றிய 'பிரசவ வைத்தியம்' 1857இலும், சத்திரசிகிச்சை பற்றிய 'இரண வைத்தியம்' 1867இலும், உடலமைப்பு பற்றிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வெளிவந்தன. தமிழில் எழுத்தறிந்தவர் கருப்பையின் அமைப்பையும் பிரசவத்தின் இடர்களையும் தம் தாய்மொழியிலே படித்தறியும் வாய்ப்பு இவ்வாறு நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு உண்டாயிற்று.

நூல் இருந்தும், பெண்கள் தம் நோயை ஆடவராகிய வைத்தியரிடம் கூற நாணினர். பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென்றே இணுவிலில் 1898இல் மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டமைக்கு இந் நாணமும் ஒரு காரணமாம். அதற்கெனப் பொருள் திரட்டியவர்களுள் அமெரிக்கரான லீச் சகோதரிகள் குறிப்பிடத்தக்கவர். அங்கே பணியாற்றிய பெண் வைத்தியருள் இசபெல்லா கர் அம்மையாரின் பெயர் இன்றும் நினைவுகூரப்படுகின்றது. அறிவு மொழியால் தடைப்படாதவாறு கிறீன் செய்தார். சிகிச்சை நாணத்தால் தடைப்படாதவாறு இணுவில் வைத்தியசாலை செய்தது. இவ்விரு தடைகளும் முற்றாக நீங்கினவோ என்பதை இக் கட்டுரையின் இறுதியில் நோக்குவாம்.

நார்க்கட்டி யாது?

கருப்பை தடித்த தசைச் சுவரையுடைய ஒரு பை. கருவுறாத காலத்தில் அது கைக்குள் அடங்குமளவே உடையது. அதன் சுவரிலுள்ள தசைக் கலம் ஒன்று ஒழுங்கு தவறிப் பெருகத் தொடங்கின், அது நாரும் தசையும் பின்னிய உருண்டையாகத் திரளும். இதுவே நார்க்கட்டி, மக்கள் வழக்கில் பைபுறொயிட் எனப்படுவது. ஒரே கருப்பையில் ஒரு கட்டியும் இருக்கலாம். பல கட்டிகளும் இருக்கலாம். பயற்றளவினதாக நின்றுவிடுவதும் உண்டு. குழந்தையின் தலையளவுக்கு வளர்வதும் உண்டு.

முதலில் மனத்திற் கொள்ளவேண்டியது, இது புற்றுநோய் அன்று என்பதாம். கருப்பைத் தசையிற் புற்றுநோய் தோன்றுதல் மிக அரிது. இரண்டாவது, இது அரிய நோயுமன்று. அமெரிக்காவில் 2003இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 50 வயதை எய்துவதற்குள் வெள்ளையினப் பெண்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதின்மருக்கும், கறுப்பினப் பெண்களுள் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேலும் இக் கட்டிகள் இருந்தன. அவர்களுட் பலர் அவை இருப்பதையே அறியாது வாழ்ந்தோர். மூன்றாவது, ஈஸ்திரஜன், புரொஜெஸ்தரோன் என்னும் பெண் ஓமோன்களே இக் கட்டிகளுக்கு ஊட்டம். ஆதலின் பூப்பெய்துமுன் இவை தோன்றா. மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்கும்.

கட்டியின் அளவைக் காட்டிலும் அது இருக்கும் இடமே சில வேளைகளில் முதன்மையானது. கருப்பையின் உட்குழியை நோக்கி வளரும் கட்டி சிறிதாயினும் பெருங் குருதிப்போக்கை விளைக்கும். கரு பதிவதையும் தடுக்கும். சுவரினுள்ளே வளரும் கட்டி சுவரைத் தடிப்பித்து உட்குழியின் வடிவத்தை மாற்றும். வெளிப்புறமாக வளரும் கட்டி பெரிதாயினும் கருவுறுதலைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. ஆயின் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் அழுத்தி, அடிக்கடி சிறுநீர் கழித்தல், மலச்சிக்கல், இடுப்புநோ முதலியவற்றை உண்டாக்கும். ஆதலின் 'எத்தனை சென்ரிமீற்றர்?' என்ற வினாவோடு 'எவ்விடத்தில்?' என்ற வினாவும் கூடவே எழவேண்டும்.

கருப்பையைக் காக்கும் எண்ணம் பிறந்த வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே வயிற்றைத் திறத்தலே உயிரைப் பணயம் வைத்தலாகும். நுண்ணுயிர்க் கிருமிகளைப் பற்றிய அறிவும், குருதி ஏற்றும் முறையும் இல்லாத காலம் அது. அக் காலத்திலும் 1844இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அற்லீ சகோதரர் வயிற்றைத் திறந்து, கருப்பையை விட்டுக் கட்டியை மாத்திரம் அகற்றினர். எனினும் இம் முறை பரவவில்லை. கட்டியைத் தோண்டி எடுக்கையில் குருதி பெருகும். கருப்பையை முழுதாக எடுப்பதோ அதனினும் எளிது. பின்வந்த வைத்தியர் பலர் எளிய வழியையே மேற்கொண்டனர். கட்டியுள்ள பெண்ணுக்குக் கருப்பை நீக்கம் என்பதே வழமையாயிற்று.

இவ் வழமையை எதிர்த்தவர்களுள் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் இலண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த விக்ரர் பொனி என்பவர். 1872இற் பிறந்து 1953இல் மறைந்த இவருடைய வாழ்விலேயே இத் துயர் நிகழ்ந்தது. மணமாகிச் சில காலத்துள் இவருடைய மனைவியாருக்கு நார்க்கட்டியின் பொருட்டுக் கருப்பை அகற்றப்பட்டது. அவர்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லாதொழிந்தது. பிள்ளைப்பேற்றை விரும்பும் இளம் பெண்ணின் கருப்பையைத் தீங்கற்ற கட்டிகளுக்காகப் பறித்தல் சத்திரவைத்தியத்தின் தோல்வியே எனக் கொண்டு, பொனி தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கட்டியை மட்டும் நீக்கும் கலையைச் செம்மை செய்தலிற் செலவிட்டார். சிகிச்சை நடக்கும் வேளையில் கருப்பைக்குச் செல்லும் குருதிக் குழாய்களைச் சற்று நேரம் இறுக்கிவைக்கும் கவ்வி ஒன்றை அமைத்தார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. ஒரே கருப்பையிலிருந்து 225 கட்டிகளை அகற்றி அக் கருப்பையைக் காத்தார். தம் முறைகளை 1946இல் நூலாகவும் வெளியிட்டார்.

பொனி இதனைச் செய்தற்கு உதவிய இயற்கை உண்மை ஒன்றுண்டு. நார்க்கட்டி கருப்பைச் சுவரைத் தின்று வளர்வதன்று; சுவரை ஒதுக்கித் தள்ளி வளர்வது. ஒதுக்குண்ட தசை கட்டியைச் சுற்றி ஓர் உறைபோல அமையும். அவ் வுறையைக் கண்டறிந்து கீறின், பலாச்சுளையைப் பிளந்து கொட்டையைப் பிதுக்குதல் போலக் கட்டியைப் பிரித்தெடுக்கலாம். எஞ்சுவது நல்ல தசையே. ஆகவே கட்டி எத்துணைப் பெரிதாயினும், அதனோடு கருப்பையும் அழிந்துவிட்டது என்பது பொருளன்று.

துளைவழிச் சிகிச்சையின் தோற்றம்

பொனியின் முறை வயிற்றை அகலத் திறந்து செய்யப்படுவது. வயிற்றைத் திறவாமல் உள்ளே பார்க்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிகழ்ந்தது. ஜேர்மனியைச் சேர்ந்த கெல்லிங் என்பவர் 1901இல் நாயொன்றின் வயிற்றறையைக் குழாய் வழியாக நோக்கினார்; சுவீடனைச் சேர்ந்த யக்கோபேயஸ் 1910இல் மனிதரில் அவ்வாறு நோக்கியதை வெளியிட்டார். ஆயினும் நெடுங்காலம் இக் குழாய் பார்த்தற்கே பயன்பட்டது, செய்தற்குப் பயன்படவில்லை.

அதனைச் செய்கருவியாக மாற்றியவருள் தலையாயவர் ஜேர்மனியின் கீல் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கூர்ட் செம் என்னும் பெண்நோய் வைத்தியர். இளமையிற் கருவி செய்யும் தொழில் பயின்ற இவர், வயிற்றறையுள் வாயுவை அளவோடு செலுத்தும் பொறியையும், உள்ளிருந்தே முடிச்சிடும் முறைகளையும் தாமே ஆக்கினார். 1970களின் இறுதியில் துளைவழி நார்க்கட்டி நீக்கத்தையும், 1980இல் துளைவழிக் குடல்வால் நீக்கத்தையும் செய்துகாட்டினார். அவருக்குக் கிடைத்த வரவேற்போ கடுமையானது. மூளையிற் கோளாறு உள்ளதோ என அறிய அவரைச் சோதிக்கவேண்டுமென உடன்பணியாற்றியோர் கேட்டனர் என்றும், அவர் உரை நிகழ்த்துகையில் படங்காட்டும் கருவியின் மின்தொடர்பை ஒருவர் துண்டித்தார் என்றும் வரலாறு கூறுகின்றது. 1990களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்து வைத்தியர் டியுபுய்சோன் முதலியோர், சுவரினுள் ஆழ்ந்த கட்டிகளையும் இவ் வழியே எடுத்து உள்ளேயே தையலிடலாம் எனக் காட்டினர். அதன் பின்னரே இம் முறை நாடு பலவற்றிலும் பரவலாயிற்று.

செய்முறை

நோயாளி முழு மயக்கத்தில் இருக்க, கொப்பூழை அடுத்து ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அளவான துளை இடப்படும். அதன் வழியே காபனீரொட்சைட்டு வாயு செலுத்தப்பட, வயிற்றுச் சுவர் கூடாரம்போல் உயர்ந்து உள்ளே இடம் உண்டாகும். ஒளியும் கமராவும் பொருந்திய குழாய் உட்செல்ல, உள்ளுறுப்புகள் திரையில் பெரிதாகத் தோன்றும். கருவிகளுக்கென மேலும் இரண்டு அல்லது மூன்று சிறு துளைகள் இடப்படும். கட்டி மிகப் பெரிதாய்க் கொப்பூழ்வரை எழுந்திருப்பின், முதற் றுளையைக் கொப்பூழுக்கு மேலே இடுவர். இன்றேல் கருவி அசைதற்கு இடமிராது.

பின்னர்க் குருதிப்போக்கைக் குறைத்தற்கு, குழாய்களைச் சுருக்கும் மருந்தொன்றை நீர்த்த நிலையிற் கருப்பைச் சுவரினுள் ஏற்றுவர். அல்லது பொனி கருதியவாறே கருப்பைக்குரிய குருதிக் குழாய்களைத் தற்காலிகமாக அடைப்பர். சுவரைக் கீறி உறையைக் கண்டு, திருகாணி போன்ற கருவியால் கட்டியைப் பற்றி இழுத்துப் பிரித்தெடுப்பர். அதனால் உண்டான குழியை அடுக்கடுக்காகத் தைத்து மூடுவர். இறுதியில், பிரித்த கட்டியைத் துண்டாக்கி வெளியே எடுப்பர்.

'பெரிய கட்டி' என்பதற்கு யாவரும் உடன்பட்ட எல்லை ஒன்றில்லை. எட்டு அல்லது பத்துச் சென்ரிமீற்றருக்கு மேற்பட்டனவற்றைப் பெரியன எனப் பலர் கொள்வர். அத்தகையவற்றைத் துளைவழியே எடுத்தல் இயலாததன்று. ஆயின் அரிய பயிற்சியை வேண்டுவது. நேரம் நீளும்; குருதி மிகுதியும் போகலாம்; இடையில் வயிற்றைத் திறக்கவேண்டிய நிலையும் வரலாம். ஆதலின் முன்னாயத்தம் இன்றியமையாதது. இரும்புச் சத்து மருந்தால், வேண்டின் குருதி ஏற்றுதலால், ஈமோகுளோபின் அளவை உயர்த்தவேண்டும். ஓமோன்களை அடக்கும் ஊசிமருந்தைச் சில மாதங்கள் கொடுத்துக் கட்டியைச் சுருக்குவதும் உண்டு. ஆயின் அதனால் கட்டிக்கும் உறைக்கும் இடையேயுள்ள எல்லை மங்கிவிடுதலின், எல்லோருக்கும் அது கொடுக்கப்படுவதில்லை.

காக்கப்படுவது எது?

துளைவழிச் சிகிச்சையின் நன்மைகளாகப் பலரும் எடுத்துரைப்பவை, தழும்பு சிறிது, நோவு குறைவு, விரைவில் வீடு திரும்பலாம் என்பனவாம். இவை உண்மையே. வயிற்றைத் திறந்து சிகிச்சை பெற்றவர் வழமையான வேலைக்குத் திரும்ப ஏறத்தாழ ஆறு வாரம் செல்லும். துளைவழிச் சிகிச்சை பெற்றவர் அதனிற் பாதிக் காலத்திலேயே திரும்புதல் கூடும். அன்றாட உழைப்பால் வாழும் குடும்பத்துக்கு இவ் வேறுபாடு சிறிதன்று. எனினும், பிள்ளைப்பேற்றை நாடும் பெண்ணுக்கு இவையெல்லாம் இரண்டாம் நிலையினவே. அவளுக்கு முதலாவது, கருப்பையின் சுவர் ஒன்பது மாதம் வளரும் கருவைத் தாங்கத்தக்க உறுதியோடு ஆறுமோ என்பது. வயிற்றின் வெளித் தோலிலுள்ள தழும்பை நாம் காண்கின்றோம். கருப்பைச் சுவரிலுள்ள தழும்பை யாரும் காண்பதில்லை. ஆயினும் தாயின் உயிரும் சேயின் உயிரும் சார்ந்திருப்பது காணாத தழும்பையே.

இதனை ஆராய்ந்த ஆய்வுகளுள் சிறந்த ஒன்று இத்தாலியின் பொலோஞா நகரில் நிகழ்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 5 சென்ரிமீற்றருக்குக் குறையாத கட்டி ஒன்றேனும் உடைய 131 பெண்களைத் தற்செயல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வயிற்றைத் திறந்தும், மற்றப் பிரிவினருக்குத் துளைவழியும் கட்டிகளை நீக்கினர். பின்னர்க் கருவுற்றோர் முன்னைய பிரிவில் 55.9 வீதத்தினர், பின்னைய பிரிவில் 53.6 வீதத்தினர். அஃதாவது, கருவுறுதலைப் பொறுத்தமட்டில் இரு முறைக்கும் வேறுபாடு இல்லை எனலாம். அக் கருப்பங்களின்போது கருப்பை கிழிந்த நிகழ்ச்சி எப் பிரிவிலும் நேரவில்லை. குருதியிழப்பும் காய்ச்சலும் துளைவழிச் சிகிச்சை பெற்றோரிடம் குறைவாக இருந்தன.

எனினும் இவ் வாய்வு தேர்ந்த கைகள் செய்த சிகிச்சையைப் பற்றியதென்பதை மறத்தலாகாது. வேறிடங்களில், துளைவழிச் சிகிச்சைக்குப் பின் கருவுற்ற காலத்தில் கருப்பை கிழிந்த நிகழ்ச்சிகள் அரிதாயினும் பதிவாகியுள்ளன. அவற்றைத் தொகுத்து ஆராய்ந்தோர், ஆழ்ந்த குழியை ஒரே அடுக்காகத் தைத்தமையையும், குருதியை நிறுத்த மின்சூட்டை மிகையாகப் பயன்படுத்தியமையையும் அவற்றுட் பலவற்றிற் கண்டனர். சுட்ட தசை நன்கு ஆறாது. ஒன்றன்மேல் ஒன்றாகத் தைக்காத குழி உள்ளே வெற்றிடம் விடும். துளைவழியே நீண்ட கருவிகளைக் கொண்டு அடுக்கடுக்காகத் தைத்தல் கடினமானது. ஆகவே திறமையின் உரைகல் கட்டியை எடுத்தலில் இல்லை. எடுத்தபின் தைத்தலிலேயே உளது. உறுதியாகத் தைக்க இயலாதெனக் காணும் வைத்தியர் வயிற்றைத் திறந்து தைப்பாராயின், அது தோல்வியன்று. நோயாளிக்குச் செய்யும் பேருதவி. இக் கட்டுரை வலியுறுத்த விரும்பும் செய்தியும் இதுவே. துளையின் சிறுமையைக் கொண்டு சிகிச்சையை மதித்தல் கூடாது. சுவரின் உறுதியைக் கொண்டே மதித்தல் வேண்டும்.

இதனாற் சிகிச்சைக்குப் பின் உடனே கருவுறலாகாது. பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம்வரை பொறுத்திருக்குமாறு வைத்தியர் கூறுவர். கீறல் ஆழமாயிருந்ததெனின், பிரசவ வேதனை தொடங்குமுன் வயிற்றைத் திறந்து குழந்தையை எடுக்குமாறும் அறிவுறுத்துவர். சிகிச்சை செய்தவர் எழுதிக்கொடுக்கும் குறிப்பைப் பெண் பேணி வைத்திருந்து, பின்னர் மகப்பேற்று வைத்தியரிடம் காட்டுதல் மிக முதன்மையானது.

பையும் துண்டாக்கும் பொறியும்

பெருங்கட்டியைச் சிறு துளை வழியே வெளிக்கொணரும் பொருட்டு, அதனை விரைந்து துண்டாக்கும் மின்பொறி 1990களில் வழக்கிற்கு வந்தது. அதனால் எதிர்பாராத தீங்கொன்று வெளிப்பட்டது. நார்க்கட்டி எனக் கருதப்பட்டது அரிதாகப் புற்றுநோயாக இருப்பின், வயிற்றறையுள் அதனைத் துண்டாக்குதல் நோயை எங்கும் விதைத்தலாகும். பொஸ்ரனில் மயக்கமருந்து வைத்தியராக இருந்த பெண்மணி ஒருவருக்கு 2013இல் இவ்வாறு நேர்ந்தது. அவரும் அவர் கணவரும் செய்த இடையறாத முயற்சியால் இச் செய்தி உலகறிந்தது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரிக்கை வெளியிட்டது. நார்க்கட்டியின் பொருட்டுச் சத்திரசிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழ 350 பேருக்கு ஒருவரிடம் மறைந்த புற்றுக் கட்டி இருத்தல் கூடுமென அது கணித்தது. அப் பெண்மணி 2017இல் காலமானார். இவ் விடர் வயது ஏறஏற மிகும். பிள்ளைப்பேற்றை நாடும் இளம் பெண்களிடம் குறைவு. எனினும் இன்று கவனமுள்ளோர், கட்டியை வயிற்றறையுள்ளேயே ஒரு பையில் இட்டு, அப் பையினுள் வைத்தே துண்டாக்கி எடுப்பர். அல்லது சிறு கீறல் ஒன்றின் வழியே கத்தியால் அரிந்து எடுப்பர்.

ஏனைய வழிகள்

உட்குழியினுள் துருத்தும் கட்டியாயின், வயிற்றில் துளையிடவே வேண்டா. கருப்பை வாய் வழியாகக் குழாயைச் செலுத்தி அதனைச் செதுக்கி எடுக்கலாம். கருப்பைக்குரிய குருதிக் குழாயினுள் நுண்மணிகளைச் செலுத்தி, கட்டிக்கு ஊட்டம் செல்லாது அடைக்கும் முறையைப் பாரிஸ் நகரத்து றவினா முதலியோர் 1995இல் வெளியிட்டனர். பிரித்தானியாவில் 254 பெண்களிடம் நடைபெற்று 2020இல் வெளியான ஆய்வில், இவ் வடைப்பு முறையும் கட்டி நீக்கமும் ஆகிய இரண்டும் நலம் தந்தன. ஆயின் ஈராண்டின் பின் வாழ்க்கை நலம் கட்டி நீக்கம் பெற்றோரிடமே மேம்பட்டிருந்தது. கருவுற விரும்புவோர்க்கு அடைப்பு முறையை முதல் வழியாகப் பலர் பரிந்துரைப்பதில்லை. மாத்திரைகளும் ஊசிமருந்துகளும் குருதிப்போக்கை அடக்கும். அவற்றை நிறுத்தினால் கட்டி மீண்டும் வளரும்.

யாதொரு துன்பமும் தராத கட்டிக்குச் சிகிச்சையே வேண்டாமற் போகலாம். காலந்தோறும் ஸ்கான் செய்து நோக்கியிருத்தலே போதும். கட்டி நீக்கினார்க்கும் பின்னொருகால் வேறு கட்டிகள் தோன்றலாம். பிள்ளைப்பேறு முற்றுப்பெற்று, கடும் நோயால் வருந்தும் பெண்ணொருத்தி கருப்பையை நீக்கிவிடத் தானே விரும்புவாளாயின், அதுவும் தக்க முடிவேயாகும். முடிவு அவளுடையதாக இருத்தல் வேண்டும் என்பதே பொருள்.

அவ்வாறு இல்லாதவிடத்து யாது நிகழும் என்பதற்கு அண்டை நாடே சான்று. மகாராட்டிர மாநிலத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலருக்குக் கருப்பை அகற்றப்பட்டமை 2019இல் பெருஞ் செய்தியாயிற்று. அரசு அமைத்த குழு வினவிய 82 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுள், 13 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கருப்பை இழந்தவராயிருந்தனர். மாதவிடாய் நாள்களில் வேலைக்கு வாராவிடின் கூலி பிடிக்கப்படும். தனியார் வைத்தியசாலைகளிற் சிறு நோவுக்கும் கருப்பை நீக்கமே மருந்தாகக் கூறப்படும். இந்திய உச்ச நீதிமன்றம் 2023இல், வேண்டாத கருப்பை நீக்கங்களைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்துமாறு பணித்தது. அப் பெண்களுட் பலர்க்குக் கிட்டாதது கத்தி பிடிக்கும் வைத்தியரன்று. வேறு வழியும் உண்டு என்று சொல்லும் ஒருவரே.

நாம் செய்யத்தக்கது

யாழ்ப்பாணத்துப் பெண்களின் நிலை அவ்வாறானதன்று. 1850இல் அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியாற் சிறிதாகத் தொடங்கிய வைத்தியசாலை, 1978இல் பல்கலைக்கழக மருத்துவ பீடம் அமைந்ததோடு போதனா வைத்தியசாலையாக உயர்ந்தது. அரச வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசம். எழுத்தறிவிலும் நம் பெண்கள் பின்தங்கியவரல்லர். எனினும் முன் கூறிய இரு தடைகளும் முற்றாக நீங்கின எனல் இயலாது. நோயைக் கூற நாணுதல் இன்னும் உளது. வைத்தியர் கூறுவதை ஆங்கிலச் சொற்களாகவே கேட்டு, பொருள் விளங்காது தலையசைத்து வருதலும் உளது. இவற்றோடு, மணமாகிச் சில ஆண்டுகள் கடந்தும் பிள்ளையில்லை எனின் பெண்ணை மட்டும் குறைகூறும் வழக்கமும் சேர, அவள் தன் நோயை மேலும் மறைக்கின்றாள். மறைத்த காலமெல்லாம் கட்டி வளர்கின்றது. சிறிதாயிருந்தபோது எளிதாயிருந்த சிகிச்சை, பெரிதானபின் அரிதாகின்றது.

ஆதலின் இரு செயல்கள் நம்மாற் கூடுவன. ஒன்று, மாதவிடாய்க் குருதிப்போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, கட்டிகளாகப் போனாலோ, களைப்பும் மூச்சுவாங்கலும் உண்டானாலோ, அது பொறுக்கவேண்டியதன்று, காட்டவேண்டியது என்று வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் வெளிப்படையாகச் சொல்லுதல். மற்றது, வைத்தியரிடம் செல்லும் பெண்ணுக்குக் கேட்கவேண்டிய வினாக்களைத் தமிழிற் கற்பித்தல். அவ் வினாக்கள் இவை: என் கட்டிகள் எத்தனை, எவ்வளவு பெரியன, கருப்பையின் எப் பகுதியில் உள்ளன? இவற்றை எடுக்காவிடின் யாது நேரும்? கருப்பையைக் காத்து எடுத்தல் கூடுமா? துளைவழியா, வயிற்றைத் திறந்தா; என்னுடைய கட்டிக்கு எவ் வழியிற் சுவரை உறுதியாகத் தைக்கலாம்? வெளியே எடுக்கையில் பை பயன்படுத்தப்படுமா? எத்தனை மாதத்தின் பின் கருவுறலாம்? பிரசவம் எவ்வாறு நிகழவேண்டும்?

இவ் வினாக்களைக் கேட்டால் நல்ல வைத்தியர் சினவார். தம் பணி எளிதாயிற்று என்றே மகிழ்வர். கிறீன் வைத்தியர் தமிழில் நூலியற்றியதன் பயன் வைத்தியரை உருவாக்கியதோடு முடிந்துவிடவில்லை. நோயாளியும் தன் மொழியில் தன் உடலை அறிதற்கு அது வழி திறந்தது. அவ் வழியில் நடத்தல் இனி நம் கடன். இக் கல்லூரியிற் கற்று வெளியேறுவோர் பலர் கணவராவர், தமையனாராவர், ஆசிரியராவர், சிலர் வைத்தியருமாவர். அவர் வீட்டிலுள்ள பெண்ணொருத்தி முகம் வெளிறி இருக்கக் காணின், 'என்ன வருத்தம்?' என்று வாய் திறந்து கேட்டு, காலம் தாழ்த்தாது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வாராக.